புகை அடங்கட்டும்: குளிர்காலத்தில் கருநிறப் புகை பீரைச் சுவைக்கும் முறை

புகை பீர் ஊற்றிய கிளாஸை முதல்முறையாக மூக்கருகே கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, "ஹாம் (புகையூட்டிய பன்றியிறைச்சி) வாசம் வருது." இன்னொன்று, "ஏதோ தீஞ்சு போயிருக்கு." இரண்டும் தப்பில்லை. ஆனால் அந்த முதல் மோப்பத்திலேயே முடிவு கட்டிவிட்டால் கிளாஸில் இருப்பதில் பெரும்பகுதியைத் தெரிந்துகொள்ளாமலே வைத்துவிடுவோம். இந்த வகை பீரில் புகைதான் முந்திக்கொண்டு பேசும். மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸும் (கசப்பும் மணமும் தரும் பூ) ஈஸ்ட்டும் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) அது ஓய்ந்த பிறகுதான் வாய் திறக்கும். ஓய்வதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கருநிறம் வேறு, புகை வேறு. பீரைக் கறுப்பாக்குவது வறுத்த மால்ட். முளைகட்டி உலர்த்திய பார்லியைக் காப்பிக்கொட்டை போல உருளையில் போட்டுக் கடுமையாக வறுத்தால் கறுப்பு மால்ட் கிடைக்கும். இங்கிலாந்தின் டேனியல் வீலர் 1817-இல் இதற்கான வறுப்பு உருளைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய போர்ட்டர், ஸ்டவுட் என்ற கருநிற பீர் வகைகளின் கறுப்பு அங்கிருந்து வருகிறது. புகைமணம் தருவது இதுவல்ல. முளைகட்டிய ஈரப் பார்லியை உலர்த்தும்போது அடியில் விறகை எரித்து அந்தப் புகையைத் தானியத்தின் ஊடாகச் செலுத்தினால், ஈரமான உமி அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதுதான் புகை மால்ட். பார்வைக்கு அது சாதாரண வெளிர் மால்ட் மாதிரியே இருக்கும். போலந்தின் குரோஜிஸ்கியே பீர் ஓக் மரப்புகையில் உலர்த்திய கோதுமை மால்ட்டில் காய்ச்சப்படுவது; வைக்கோல் நிறம், சுமார் 3% ஆல்கஹால், ஆனால் முழுக்கப் புகைமணம். மறுபக்கம், மை போலக் கறுத்த ஸ்டவுட் பலவற்றில் ஒரு துளி புகை மால்ட்கூடக் கிடையாது. கருநிறப் புகை பீர் என்றால் இந்த இரண்டும் ஒரே பானையில் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். சுவைக்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் தொடக்கக்காரரின் முதல் பாடம்.

விறகுத் தீயில் மால்ட்டை உலர்த்துவது ஒரு காலத்தில் விசேஷமே இல்லை. புகை படாமல் சூடான காற்றை மட்டும் அனுப்பும் உலைகள் வரும்வரை, விறகை நம்பியிருந்த ஊர்களின் பீரில் புகை இருக்கத்தான் செய்தது. புதிய உலைகள் பரவியதும் மற்ற இடங்களில் அந்த மணம் மறைந்தது. விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் சிலர். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரம் அதில் முதன்மையானது. அங்கே ஷ்லெங்கர்லா, ஸ்பெட்சியால் என்ற இரண்டு காய்ச்சும் விடுதிகள் தங்களுக்கு வேண்டிய புகை மால்ட்டை இன்றும் தாங்களே பீச் (beech; பீச் பழ மரம் அல்ல) மர விறகில் உலர்த்துகின்றன. ஷ்லெங்கர்லாவின் வரலாறு 1405 வரையும் ஸ்பெட்சியாலின் வரலாறு 1536 வரையும் பின்னோக்கிப் போகிறது. இந்த வகைக்கு அங்கே ரௌக்பியர் என்று பெயர். நேரடிப் பொருளே 'புகை பீர்'தான். இரண்டில் ஸ்பெட்சியால் மென்மையானது. முதல்முறை குடிப்பவருக்கு அதைக் கொடுத்துவிட்டு ஷ்லெங்கர்லாவுக்குப் போவதே நல்ல வரிசை.

ஷ்லெங்கர்லாவின் அன்றாட பீர் மேர்ட்சன்; அடர்பழுப்பு, 5.1% ஆல்கஹால். குளிர்காலத்துக்கென்று அவர்கள் காய்ச்சுபவை இதைவிடக் கனமானவை. அக்டோபரில் வெளிவரும் உர்பாக் 6.5%. கிறிஸ்துமஸை ஒட்டி வரும் டாப்பல்பாக் 8%. அதற்கு பீச்சுக்குப் பதில் ஓக் விறகு. ஓக் புகை வழவழப்பாகவும் அடுக்கடுக்காகவும் வரும். பீச் புகை நேராக மூக்கில் வந்து நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால் விறகு மாறினால் மணம் மாறும் என்பது வார்த்தை இல்லாமலே புரிந்துவிடும். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அலாஸ்காவின் ஜூனோ நகரில் 1988-இல் தொடங்கிய அலாஸ்கன் ஸ்மோக்ட் போர்ட்டர் இன்றைய கிராஃப்ட் (சிறு அளவில் காய்ச்சும்) காய்ச்சுநர்கள் பலருக்கு முன்மாதிரி. அது ஆல்டர் மரப்புகை. அந்தக் கரையோரத்தில் சால்மன் மீனைப் புகையூட்டும் அதே மரம்.

ஹாம் வாசத்துக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள் வெப்பத்தில் சிதையும்போது குவையகால், சிரிங்கால் முதலிய பீனால்கள் என்ற மணமுள்ள வேதிப்பொருட்கள் பிறக்கின்றன. புகையூட்டிய இறைச்சியிலும் மீனிலும் பாலாடைக்கட்டியிலும் இருப்பவை இதே பொருட்கள்தான். நம் மூளை அவற்றை முதலில் உணவோடு சேர்த்துப் பழகியிருப்பதால், பீரில் வந்தாலும் இறைச்சியின் பெயரைத்தான் சொல்கிறது. மால்ட்டில் இறைச்சி சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை. பீச், ஓக், ஆல்டர் போன்ற அகன்ற இலை மரங்கள் குவையகால், சிரிங்கால் இரண்டையும் தரும். ஊசியிலை மரங்களில் சிரிங்கால் மிகக் குறைவு, பிசினும் அதிகம். அதனால் அவற்றின் புகை தார் போலக் காறும். பீட் எனும் கரிமண்ணில் உலர்த்திய மால்ட் இன்னொரு ரகம். அதில் கிரெசால்கள் என்ற பீனால் வகை கூடுதல். விஸ்கியில் சிலருக்குப் பிடித்துப்போகும் மருந்து வாடையும் மண் வாடையும் அங்கிருந்து வருகின்றன. பீச் மால்ட்டை ஒரு பீரின் மொத்த மால்ட்டில் பாதி என்ன, முழுக்கவே போடலாம். பீட் மால்ட் சில சதவீதத்தைத் தாண்டினாலே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். லேபிளில் 'பீட்டட்' என்று இருந்தால் அதை முதல் புகை பீராகத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இனி குளிர்காலம். கனமான, கருநிறமான, 6 முதல் 8% பீர் வெயிலில் சலித்துப்போகும். குளிரில் நிதானமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து உறிஞ்சலாம். அதோடு, மெல்ல மெல்லச் சூடேறும்போது இந்த பீர் எத்தனை முறை மாறுகிறது என்று பார்க்கவும் அந்த நிதானம் தேவைப்படுகிறது. ஆனால் குளிர்காலம் சில சிக்கல்களையும் கொண்டுவரும். வெளிக் குளிரிலிருந்து வந்த மூக்கு பாதி மரத்திருக்கும், நீர் கோத்திருக்கும். கால் மணி நேரம் அறைக்குள் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் குடித்த பிறகு கிளாஸைத் தொடலாம். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு மூக்கின் உட்சவ்வும் வறண்டுவிடும்; தண்ணீர் டம்ளர் பக்கத்திலேயே இருக்கட்டும். கணப்பு எரிகிற அறை பார்க்க அழகுதான், ஆனால் புகை பீரைச் சுவைக்க அதைவிட மோசமான இடம் இல்லை. அறையில் ஏற்கெனவே இருக்கும் புகைக்கு மூக்கு பழகிவிட்டிருக்கும்; கிளாஸில் இருக்கும் புகை அதற்கு எட்டாது. மணக்கும் மெழுகுவத்தி, ஊதுவத்தி, சிகரெட் எல்லாவற்றுக்கும் இதே விதி. சளி பிடித்திருந்தால் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே வைத்துக் குளிரவைக்கும் பழக்கமும் உண்டு. 5% பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். உறையும்போது நீர் விரிந்து பாட்டில் வெடிக்கலாம். வெடிக்காமல் தப்பினாலும், உறைந்து உருகிய பீரில் புரதம் திரிந்து செதில் செதிலாக மிதக்கும், நுரையும் நிற்காது. கூடவே ஒன்று: குடித்தால் உடம்பு சூடாவது போலத் தோன்றுவது தோலின் ரத்தநாளங்கள் விரிவதால். உண்மையில் உடம்பு அப்போது வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. குளிரில் வெளியே கிளம்புவதற்கு முன் குடித்துவிட்டுப் போவது பாதுகாப்பான காரியமல்ல.

வெப்பநிலைதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் 4 டிகிரியில் குடித்தால் மால்ட்டின் இனிப்பும் பழ மணமும் எழுந்திருக்காது. புகையும் கசப்பும் மட்டும் மொட்டையாக நிற்கும். முதல்முறை குடித்து வெறுத்தவர்களில் பலர் இந்த நிலையில் குடித்தவர்களே. புகை லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் பீர்), மேர்ட்சன் வகைகளை 8 முதல் 10 டிகிரியிலும், புகை போர்ட்டரை 10 முதல் 12 டிகிரியிலும், 8%க்கு மேற்பட்டவற்றை 12 முதல் 14 டிகிரியிலும் பருகலாம். 330 மில்லி பாட்டில் 20 டிகிரி அறையில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் 4-லிருந்து 10 டிகிரிக்கு வரும். சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் முதல் சில தடவை அதை வைத்தே பாருங்கள். பிறகு கிளாஸைத் தொட்டாலே கை சொல்லிவிடும். 16 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். வாயு வெளியேறி பீர் சப்பென்று ஆகும், ஆல்கஹால் நெடி முன்னால் வந்து நிற்கும்.

கிளாஸ், அடி அகன்று வாய் குறுகியதாக, 300 முதல் 400 மில்லி கொள்ளளவில் இருந்தால் போதும். மணத்தைப் பிடித்து வைக்க மேலே இடம் வேண்டும் என்பதால் 120 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஒரு பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் அளவு சரியாக இருக்கும். 8% பீர் 330 மில்லியில் சுமார் 21 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 5% பீரில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பகிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். கிளாஸ் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, நுரை நிற்காது. துணியால் துடைத்தால் துணியின் வாசம் ஒட்டும். கழுவிக் கவிழ்த்துக் காயவிடுவதே நல்லது.

பாட்டிலில் வண்டல் இருந்தால் முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக ஊற்றி, பாதியில் நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் கனத்துக்கு நுரை எழும். அடியில் இருக்கும் கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். ஈஸ்ட் வண்டல் கலந்தால் புகை மங்கி மாவு வாடை ஏறும்.

இனி கண்ணும் மூக்கும். கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தால், கறுப்பு என்று நினைத்தது பெரும்பாலும் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். நுரை பழுப்பாக, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் வறுத்த மால்ட் நிறைய இருக்கிறது. தந்த நிறமென்றால் வறுவல் குறைவு. கண்ணால் அறிய வேண்டியது அவ்வளவே. மோப்பத்துக்கு அவசரம் ஆகாது. முதலில் கிளாஸை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மெல்ல மூக்கருகே கொண்டுவாருங்கள். எந்தத் தூரத்திலேயே புகை தெரிகிறது என்று கவனியுங்கள். ஒரு சாண் தூரத்திலேயே தெரிந்தால் அது கனத்த புகை. பிறகு மூக்கை உள்ளே விட்டு, நாய் மோப்பம் பிடிப்பது போல் இரண்டு மூன்று சிறு மூச்சு. நீண்ட ஒரே இழுப்பு மூக்கை உடனே அசத்திவிடும். கிளாஸை வைத்துவிட்டு அரை நிமிடம் கழித்து மறுபடி. மூன்றாவது தடவை புகை பின்வாங்கியிருப்பதை உணர்வீர்கள். பீர் மாறவில்லை, உங்கள் மூக்கு அந்த மணத்துக்குப் பழகியிருக்கிறது. மற்ற வேலைகளில் இந்த மூக்குச் சோர்வு தொந்தரவு. இங்கே அதுதான் உதவி. புகை விலகிய இடத்தில் ரொட்டி மேலோடு, கருப்பட்டி, உலர்ந்த திராட்சை, கொக்கோ, ஈர மண் என்று ஏதாவது ஒன்று தலைகாட்டும். மூக்கு முற்றிலும் மரத்துவிட்டால் உங்கள் சட்டைக் கையின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். பழகிய சொந்த வாசம் மூக்கை மீட்டுத் தரும்.

அடுத்தது, செய்து பார்த்தே ஆக வேண்டிய ஒரு சோதனை. மூக்கை விரலால் இறுக மூடிக்கொண்டு ஒரு மடக்கு பீரை வாயில் வைத்திருங்கள். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, மெல்லிய புளிப்பு, குமிழிகளின் குத்தல், அவ்வளவுதான் தெரியும். புகை எங்கேயும் இருக்காது. விழுங்கியதும் விரலை எடுத்து மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். தொண்டையிலிருந்து புகை குப்பென்று ஏறும். நாக்குக்குப் புகை தெரியாது என்பதும், வாயில் உணரும் புகை அத்தனையும் தொண்டைப் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம் என்பதும் ஒரே மடக்கில் விளங்கிவிடும். இதிலிருந்து நேராக ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு மடக்கையும் விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கால் மூச்சு விடுவது. அதைச் செய்யாதவர் பீரின் பாதியைத் தவறவிடுகிறார்.

முதல் மடக்கை வாயைக் கழுவிக்கொள்ளும் மடக்காக வைத்துக்கொள்ளுங்கள், கருத்து வேண்டாம். இரண்டாவதில் கவனிக்க வேண்டியது நடுப்பகுதி: வாய்க்குள் புகுந்த கணத்துக்கும் விழுங்கும் கணத்துக்கும் இடையில் மால்ட்டின் இனிப்பும் கனமும் இருக்கின்றனவா? நல்ல புகை பீரில் அங்கே ஒரு திடமான உடம்பு இருக்கும். அந்த உடம்பின் மேல் புகை உட்காரும். நடு வெறுமையாக இருந்து முன்னாலும் பின்னாலும் புகை மட்டும் நின்றால், காய்ச்சியவர் மால்ட்டைக் கஞ்சத்தனமாகப் போட்டுவிட்டுப் புகையால் ஈடுகட்டியிருக்கிறார். மூன்றாவது மடக்கில் முடிவைக் கவனியுங்கள். புகை சீராக வற்றி, வாய் உலர்ந்து, அடுத்த மடக்குக்குக் கை போகிறதா? அல்லது நாக்கின் அடியில் சாம்பல் போல ஒட்டிக்கொள்கிறதா? பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லும் உரிமை இந்த மூன்றாவது மடக்குக்குப் பிறகே வருகிறது. அதற்குப் பத்து நிமிடம் கழித்து, பீர் இரண்டு டிகிரி ஏறிய பிறகு, இதையே மறுபடி செய்து முதல் குறிப்போடு ஒப்பிடுங்கள். ஓக் புகை பீர்களில் இந்த இடைவெளியில் வெனிலா போன்ற ஒரு மென்மை வெளிவருவதுண்டு.

வறுவலையும் புகையையும் பிரிப்பது தொடக்கத்தில் கடினம். காப்பியிலேயே குவையகால் இருக்கிறது என்பதால் மூக்கு குழம்புவது நியாயமே. ஒரு வழி: வறுவலின் கசப்பு நாக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்து துவர்க்கும், கருஞ்சாக்லேட் கடித்தது போல, மூக்கை மூடினாலும் அது போகாது. புகை, மூக்கை மூடியதும் போய்விடும். தீய்ந்த வாடை இரண்டிலும் சேராது. அடிப்பிடித்த பாத்திரத்தின் நெடியோடு தொண்டை கமறினால், காய்ச்சும்போது மாவு அடியில் கருகியிருக்கலாம், அல்லது கறுப்பு மால்ட் அளவு மீறியிருக்கலாம். பழகிக்கொள்ள ஒரு சுலபமான பயிற்சியும் இருக்கிறது. புகை இல்லாத போர்ட்டரை மூன்று கிளாஸில் 90 மில்லி வீதம் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விட்டு, இரண்டாவதில் 10 மில்லி புகை மேர்ட்சனும் மூன்றாவதில் 30 மில்லியும் கலக்குங்கள். வறுவல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது புகை மட்டும். எந்தக் கிளாஸில் அது முதலில் தெரிகிறதோ அதுதான் இப்போதைக்கு உங்கள் மூக்கின் எல்லை. பீர் கிடைக்காத நாளில், பைன் மரப்புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சோங் தேயிலையைச் சாதாரணக் கறுப்புத் தேயிலைக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தாலும் இதே பயிற்சிதான்.

புகை என்ற பெயரில் குறைகள் ஒளிந்துகொள்வதுண்டு, அவற்றையும் அறிந்திருக்க வேண்டும். மருந்துப் பிளாஸ்திரி, மருத்துவமனை வராந்தா வாடை வந்தால் அது விறகின் வேலையல்ல. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனாலாக மாறியிருக்கிறது. துளியிலும் துளி இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வெப்பம் ஏறினாலும் அது போகாது, கூடும். புகை மால்ட்டில் பீனால்கள் ஏற்கெனவே நிறைய இருப்பதால், இந்த வகையைக் காய்ச்சுகிறவர்கள் தண்ணீரைக் கரிவடிகட்டியில் விடுவதிலோ குளோரினை நீக்கும் மெட்டாபைசல்பைட் உப்பைச் சேர்ப்பதிலோ அலட்சியம் காட்டவே கூடாது. கிராம்பு வாடை வேறு கதை. கோதுமை பீர்களில் அது ஈஸ்ட் தரும் இயல்பான மணம். லாகரிலோ போர்ட்டரிலோ வந்தால் வேண்டாத ஈஸ்ட் புகுந்திருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை பழசாகிப்போனதன் அடையாளம். சோயா சாஸ் வாடை, செத்த ஈஸ்ட் நெடுநாள் கிடந்து கரைந்ததைக் காட்டும். மூடியைத் திறந்ததும் பொங்கி வழிந்து, உள்ளே புளிப்பும் நீர்த்த உடம்பும் இருந்தால் கிருமி சேர்ந்திருக்கிறது. ஊற்றிவிட்டு வேறு பாட்டிலை எடுங்கள்.

ஈஸ்ட்டைப் பற்றி இன்னொரு நல்ல செய்தி. ஷ்லெங்கர்லாவில் புகை மால்ட்டே சேர்க்காத ஒரு வெளிர் லாகரும் காய்ச்சுகிறார்கள். புகை பீர் காய்ச்சிய அதே ஈஸ்ட்டும் அதே பாத்திரங்களும் புழங்குவதால் அதிலும் மெல்லிய புகை தட்டும். வெவ்வேறு பீர்களை ஒரே அமர்வில் சுவைக்கும்போது இது நினைவிருக்கட்டும். புகை ஒரு பாத்திரத்திலேயே இப்படித் தங்கும் என்றால் நாக்கில் தங்காதா? எனவே புகை இல்லாதது முதலில், பிறகு மென்புகை, அதன்பின் மேர்ட்சன், போர்ட்டர், டாப்பல்பாக், கடைசியில்தான் பீட். நான்குக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். ஐந்தாவதின் குறிப்பை நம்ப முடியாது.

உடன் சாப்பிட என்ன என்றால், கொழுப்பும் உப்பும் உள்ளவை பொருந்தும். முதிர்ந்த கெட்டிப் பாலாடைக்கட்டி, வறுத்த காளான், நெய்யில் பழுப்பாக வதக்கிய வெங்காயம், கருஞ்சாக்லேட். பாம்பெர்க்கில் வெங்காயத்துக்குள் கொத்திறைச்சி அடைத்து, புகை பீர் குழம்போடு பரிமாறுவார்கள். புகையூட்டிய உணவையே உடன் வைத்தால் உணவின் புகை வென்றுவிடும், பீர் வெறும் இனிப்பாகத் தெரியும். காரம் அதிகமான எதுவும் நாக்கை எரித்துக் கசப்பைத் தூக்கிவிடும். சுவைக்கும்போது வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். சாப்பாடு அதற்குப் பிறகு.

மிச்சம் இருக்கும் பாட்டில்களை நிமிர்த்தி, வெளிச்சம் படாத 10, 12 டிகிரி இடத்தில் வையுங்கள். 5% வகைகளைச் சில மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும். புகை மங்கி அட்டை வாடை ஏறும்முன். 6.5%க்கு மேற்பட்ட போர்ட்டர், பாக் (உர்பாக், டாப்பல்பாக் போன்ற கனமான லாகர்) வகைகள் இரண்டு மூன்று குளிர்காலம் தாங்கும். புகை பின்னுக்குப் போய், உலர்ந்த பழமும் ஷெர்ரி ஒயின் சாயலும் முன்னால் வரும். ஒரே பீரை இரண்டு வாங்கி, ஒன்றை இப்போதே குடித்துக் குறிப்பெழுதி மற்றதன் கழுத்தில் தேதியோடு கட்டிவைத்தால், அடுத்த குளிர்காலத்தில் ஒப்பிட உங்களிடம் ஓர் ஆதாரம் இருக்கும்.

கிளாஸ் காலியானதும் உடனே கழுவ எழுந்துவிடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் படலம் காய கால் மணி நேரம் விட்டு, உள்ளே மூக்கை விட்டுப் பாருங்கள். வாயுவும் ஆல்கஹாலும் பறந்துவிட்டிருக்கும். எளிதில் ஆவியாகாத பீனால்கள் கண்ணாடியில் தங்கியிருக்கும். விறகின் மணத்தை வேறெந்தக் கலப்பும் இல்லாமல் முகர்வதற்கு அதுதான் சரியான நேரம்.